இன்ஜினை அணைக்காமல்

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்பார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். இரண்டு பேர் மாறி மாறி ஓட்டும் லாரியில் ஒருவருக்காவது அது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்டவனெல்லாம் தலையில் மிளகாய் அரைத்துவிட்டுப் போவான். எங்கள் வண்டியில் கோபம் என் பங்கு, பொறுமை என் வீட்டுக்காரர் பங்கு. அவர் எல்லோருக்கும் வழிவிட்டு ஓட்டுவார். நான் வழி கேட்டு ஓட்டுவேன். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பலகையில் படுத்துத் தூங்குவோம். ஒரு பழைய லாரியில் பதினோரு வருடம் இப்படியே குடும்பம் நடத்தி, கடைசியில் அதை விற்றுவிட்டுப் புது வண்டி எடுத்தோம்.

சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூடக் கிழிக்கவில்லை. என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கேபினில் ஏறுவார். "என்னங்க, மாமியார் வீடா இது?" என்று கேட்டால், "மாமியார் வீட்ல இவ்வளவு மரியாதை எனக்குக் கிடைச்சதில்ல" என்பார்.

பதினேழாவது நாள், சரளைக்கல் ஏற்றிக்கொண்டு நான்கு மணி நேரம் ஓட்டி வந்தபின், பாலத்துக்கு முன்னால் வரும் இடது வளைவில் ஸ்டியரிங் இறுகிவிட்டது. கனமாக இருந்தது என்று சொல்லவில்லை. சுவரைப் பிடித்துத் திருப்புவதுபோல் இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவதற்குள் தானாக விட்டுவிட்டது. வண்டி கைப்பிடிச் சுவரை உரசி நின்றது. தூங்கிக்கொண்டிருந்தவர் உருண்டு என் முதுகில் விழுந்தார். "ஸ்டியரிங் மாட்டிக்கிச்சு" என்றேன். அவர் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கம்பெனி ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். அங்கே ஒரு விதி உண்டு. வாசலிலேயே இன்ஜினை அணைத்துவிட வேண்டும். சாவியைக் காவலாளியிடம் கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும். வண்டியை வரிசையில் தள்ளி நிறுத்துவார்கள். நம் முறை வர மூன்று மணி நேரம் ஆகும், நாலும் ஆகும். அதன்பிறகு சுருட்டை என்று எல்லோரும் கூப்பிடும் மெக்கானிக் ஏறி, யார்டுக்குள்ளேயே இரண்டு சுற்று ஓட்டிப் பார்ப்பார். ஸ்டியரிங் வெண்ணெயாக இருந்தது. "ஒண்ணுமில்லையேக்கா" என்றார். வண்டியை வெளியே எடுக்க கேட் பாஸ் வேண்டும். 'ஓட்டிப் பார்த்தேன், குறை தீர்ந்தது, திருப்தி' என்று அச்சடித்த தாளில் கையெழுத்துப் போட்டால்தான் கேட் பாஸைக் கிழித்துத் தருவார்கள். யார் அதையெல்லாம் படிக்கிறார்கள்? வண்டி அவர் பெயரில் இருந்தது. அவர் போட்டார்.

ஆறு நாள் கழித்து மறுபடியும் அதே கதை. இந்த முறை கம்பத்தில் இடித்துக் கண்ணாடி போயிற்று. ஒர்க்‌ஷாப் மேனேஜரே வெளியே வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, கழுத்தில் டை. நான் சொல்லச் சொல்ல, பதிலை என் வீட்டுக்காரரிடம் சொன்னார். "சார், லேடீஸ் பயத்துல ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிச்சிடுவாங்க. கொஞ்ச நாள் நீங்களே ஓட்டுங்க." நான் காலில் கிடந்ததைக் கழற்றப் போனேன். என் வீட்டுக்காரர் கையைப் பிடித்து வெளியே இழுத்துப்போய் டீக்கடையில் உட்கார வைத்துவிட்டார். கையெழுத்துப் போட அவர் மட்டும் திரும்பிப் போனார்.

முப்பத்தோராவது நாள், காலை பதினொரு மணி. கட்டடம் கட்டும் இடத்தில் கல் இறக்க வேண்டும். உள்ளே நுழைந்ததும் இடது பக்கம் ஒடிக்க வேண்டும். என் வீட்டுக்காரர் இறங்கி, எதிர்ச் சுவரோரம் நின்று, வா வா என்று கை காட்டினார். நான் ஒடித்தேன். ஸ்டியரிங் வரவில்லை. இரண்டு கையாலும் தொங்கினேன், வரவில்லை. பிரேக்கை மிதித்தேன். பதினாறு டன் கல்லோடு வண்டி நின்றது. ஒரு முழம் தள்ளி நின்றது. அந்த ஒரு முழத்துக்குள்தான் அவர் இருந்தார்.

அவர் கத்தவில்லை. எலும்பு நொறுங்கிய சத்தம் இன்ஜின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. வண்டியைப் பின்னால் எடுத்தபோது சுவரோடு வழுக்கிக்கொண்டு கீழே உட்கார்ந்தார். வலது காலில் முழங்காலுக்குக் கீழே கால் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. பேன்ட் துணியும் ரத்தமும் செங்கல் தூளும் ஒன்றாகக் குழைந்து கிடந்தன. என் துப்பட்டாவை அவர் தொடையில் கட்டி, பல்லால் இறுக்கினேன். அன்று மாலையே முழங்காலோடு எடுத்துவிட்டார்கள்.

போலீஸ் வண்டியைச் சோதனைக்கு அனுப்பியது. எங்கே அனுப்பும்? அதே ஒர்க்‌ஷாப்புக்குத்தான். ரிப்போர்ட் வந்தது. வண்டியில் பழுதில்லை, ஓட்டுநர் தவறு, இதைப் பற்றி உரிமையாளருக்கு முன்பே எழுத்து மூலம் எச்சரித்தாயிற்று. கூடவே, இரண்டாவது முறை போனபோது கையெழுத்துப் போட்ட தாளின் நகல். 'வாகனத்தில் குறை இல்லை. ஓட்டுநருக்கு அறிவுரை வழங்கப்பட்டது.' அதன் கீழே என் வீட்டுக்காரரின் கையெழுத்து, ஒரு எழுத்துப் பிசகாமல்.

தாளை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன். படுக்கையில் போர்வை ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் தட்டையாகவும் இருந்தது.

"இதுல எப்படிங்க கையெழுத்துப் போட்டீங்க?"

அவர் தாளைப் பார்க்கவில்லை. என் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். "விடும்மா. யாருக்கும் நடக்கிறதுதான். நான் உன்னை எப்பவோ மன்னிச்சிட்டேன்."

அவர் திட்டியிருக்கலாம். காலில்லாத மனிதன் திட்டினால் வாங்கிக்கொள்வேன். மன்னித்துவிட்டேன் என்றால், நான்தான் செய்தேன் என்று அர்த்தம். மேசைமேல் இருந்த ஸ்டீல் ஜாடியை எடுத்துச் சுவரில் அடித்தேன். நசுங்கும்வரை அடித்தேன். இரண்டு நர்ஸ்கள் வந்து என்னை வெளியே தள்ளினார்கள்.

அதன்பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. லைசென்ஸ் போனால் போகட்டும். நான்தான் என் புருஷன் காலை எடுத்தேனா? அது மட்டும் தெரிய வேண்டும். ஆமாம் என்றால் ஆமாம், அந்தப் பாவத்தைச் சுமக்கிறேன். தெரியாமல் இருக்கத்தான் முடியவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, நடந்ததை முதலிலிருந்து திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். மூன்று தடவையும் கல் ஏற்றியிருந்தேன். மூன்று தடவையும் நாலு மணி நேரம் ஓட்டியிருந்தேன். மூன்று தடவையும் இடது பக்கம் திருப்பினேன். ஒர்க்‌ஷாப்பில் பார்க்கும்போதெல்லாம் வண்டி காலியாக, வரிசையில் நின்று ஆறிப்போயிருந்தது. சூட்டோடு அந்த வண்டியை அங்கே ஒருவரும் தொட்டதே இல்லை. இது மண்டையில் உறைக்க எனக்குப் பத்து நாள் ஆயிற்று. என் புத்தியை எதால் அடிப்பது?

போலீஸ் வண்டியைத் திருப்பித் தந்த மறுநாளே அதே குவாரியில் அதே எடைக்குக் கல் ஏற்றினேன். விடிந்ததும் கிளம்பினேன். எங்கேயும் நிற்கவில்லை. நாலு மணி நேரம் ஓட்டி ஒர்க்‌ஷாப் வாசலுக்கு வந்தேன்.

"இன்ஜினை ஆஃப் பண்ணுங்கம்மா, டோக்கன் வாங்குங்க" என்றார் காவலாளி.

"இன்னைக்கு அணைக்க மாட்டேன். கேட்டைத் திற."

"விதிம்மா."

நான் கிளட்ச்சை விட்டேன். கேட் ஒரு பக்கம் பிய்ந்து பம்பரில் தொங்கிக்கொண்டே வந்தது. யார்டு நடுவில் நிறுத்தி, இன்ஜின் ஓட ஓட, வீல் ஸ்பேனரோடு இறங்கினேன். காவலாளி பின்னால் ஓடி வந்து லத்தியால் என் தோளில் ஒன்று போட்டார். திரும்பி அவர் மணிக்கட்டில் போட்டேன். லத்தி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். பாவம், அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. நடுவில் வந்துவிட்டார், அவ்வளவுதான்.

மேனேஜர் ஆபீசிலிருந்து வெளியே வந்தார். மொத்த ஆபீசும் அவர் பின்னால் வந்தது. "போலீஸைக் கூப்பிடுங்க" என்று யாரிடமோ சொன்னார். அப்போதும் என்னிடம் பேசவில்லை. டையைப் பிடித்து இழுத்து மூக்கில் ஒரு குத்து விட்டேன். இரண்டாவது குத்தில் ஏதோ நெரிந்தது. இஸ்திரி போட்ட சட்டை முழுக்க ரத்தம். கிட்டே வந்தவர்களுக்கு ஸ்பேனரைக் காட்டினேன். ஒருவரும் வரவில்லை. சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கள், உயிருக்கா பார்ப்பார்கள்?

"ஏறு."

"மேடம், பேசித் தீர்த்துக்கலாம்..."

"ஏறுய்யா. என் கைதானே தப்பு? உன் கையால ஓட்டு. இடது பக்கமா வட்டம் போடு."

டிரைவர் சீட்டில் அவரை ஏற்றிவிட்டு, பக்கத்தில் ஸ்பேனரோடு உட்கார்ந்தேன். மூக்கு வழிய வழிய கியர் போட்டார். ஒரு வட்டம். ஸ்டியரிங் அழகாகச் சுற்றியது. இரண்டாவது வட்டம். அதுவும் அப்படியே. "பாத்தீங்களா மேடம், ஒண்ணுமே இல்ல" என்றார். குரலில் தெம்பு வந்துவிட்டது.

ஒன்றுமில்லை என்றால், நான்தான். அந்த நிமிடத்தில் அவரைக் கொன்றுவிடலாம் போலிருந்தது, என்னையும்தான். "வேகமா போ" என்றேன்.

நாலாவது வட்டத்தில் அவர் முழங்கைகள் திடீரென்று நின்றன. இழுத்தார். இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு இழுத்தார். "வரல, வரல, திரும்ப மாட்டேங்குது" என்று அலறினார். நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். எனக்குச் சந்தோஷம் வந்தது. மறைக்க என்ன இருக்கிறது, அவ்வளவு சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை. அவர் பயத்தில் பிரேக்கைத் தேடி மிதிப்பதற்குள், வண்டி ஆபீசின் கண்ணாடிச் சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. மேசைகள் சிதறின. ஸ்டியரிங் அவர் நெஞ்சில் இடித்தது. என் நெற்றி முன் கண்ணாடியில் மோதி, ரத்தம் கண்ணை மறைத்தது.

யாரோ இன்ஜினை அணைக்க ஓடி வந்தார்கள். "யாரும் சாவியைத் தொடாதீங்க" என்று சுருட்டை கத்தியது கேட்டது. உடைந்த கண்ணாடி மேலேயே நடந்து வந்து, கேபினுக்குள் ஏறி, தன் கையாலேயே திருப்பிப் பார்த்தார். அசையவில்லை. என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு கீழே படுத்து, கொதிக்கிற ஸ்டியரிங் பாக்ஸைத் துணி சுற்றிக் கழற்றினார். எண்ணெயோடு வால்வைத் தட்டில் கவிழ்த்தார். நகக்கண் அகலத்துக்கு ஒரு இரும்புப் பிசிறு அதன் வாயில் குறுக்காக நின்றது.

"தொழிற்சாலையிலயே உள்ள மாட்டியிருக்குக்கா. எண்ணெய் சூடாகி இளகுனா மேல வந்து இடது பக்க வழியை அடைக்குது. ஆறினா அடியில போய்ப் படுத்துக்குது." அவர் கை விரல்கள் வெந்து சிவந்திருந்தன. "நாங்க ஆறின வண்டியைத்தான் பாத்தோம்."

போலீஸ் வந்தபோது அந்தப் பிசிறைப் பற்றி எழுதி, சுருட்டையிடம் கையெழுத்து வாங்கச் சொல்லிவிட்டுத்தான் ஜீப்பில் ஏறினேன். நெற்றிக்குத் தையல் போட என் வீட்டுக்காரர் இருந்த ஆஸ்பத்திரிக்கே கூட்டிப் போனார்கள். பெண் கான்ஸ்டபிளிடம் கெஞ்சினேன். என் வாழ்க்கையில் நான் கெஞ்சியது அந்த ஒரு தரம்தான். "அஞ்சு நிமிஷம்" என்று என்னை வார்டுக்குக் கூட்டிப் போனார்.

தலையில் கட்டோடும் சட்டையில் ரத்தத்தோடும் என்னைப் பார்த்து அவர் எழுந்திருக்கப் பார்த்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பிசிறைச் சொன்னேன். வண்டி அந்த ஆளின் கையிலும் மாட்டிக்கொண்டதைச் சொன்னேன். "நான் இல்லைங்க. வண்டிங்க" என்றேன்.

அவர் முகத்தில் வெளிச்சம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"அப்போ எனக்கும் அதான் ஆச்சா?" என்றார்.

"எப்போ?"

"ஒன்பதாவது நாள். நீ தூங்கிட்டிருந்தே. பாலத்துக்கிட்ட திரும்பல. ஒரு நொடிதான், அப்புறம் விட்டுருச்சு. நான் கண்ணசந்துட்டேன்னு நினைச்சேன்." முகத்தைத் திருப்பிக்கொண்டார். "சொன்னா வயசாயிடுச்சுன்னு சாவியைப் பிடுங்கிடுவே. அதான் சொல்லல."

எனக்கு முதல் தடவை நடந்ததற்கு எட்டு நாள் முன்னால். அவர் அன்றே சொல்லியிருந்தால், இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி ஆகியிருக்கிறதே என்று நான் வண்டியைக் குவாரியை விட்டே எடுத்திருக்க மாட்டேன். அவர் இப்போது இரண்டு காலில் நின்றுகொண்டிருப்பார்.

"உனக்கும் ஆச்சு, எனக்கும் ஆச்சுன்னு தெரிஞ்சுதான் அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டியா?"

"உனக்கு ஆனது உன் தப்புன்னு நினைச்சேன். எனக்கு ஆனது என் தப்புன்னு நினைச்சேன்." கையை விரித்தார். "வண்டி புதுசாச்சேம்மா."

அடித்தேன். காலில்லாமல் படுத்திருக்கிற மனிதனைக் கன்னத்தில் பளாரென்று அடித்தேன். பக்கத்துப் படுக்கையில் இருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். அவர் தடுக்கவில்லை. இன்னொரு கன்னத்தையும் திருப்பவில்லை, அப்படிப்பட்ட மகானும் இல்லை. அழுதார். ஆபரேஷன் முடிந்த நாளிலிருந்து அவர் அழுததில்லை. நான் கட்டிலில் ஏறி, வெறுமையாகக் கிடந்த அந்தப் பக்கத்தில், அவர் கால் இருக்க வேண்டிய இடத்தில், உட்கார்ந்துகொண்டு அவர் தலையை மடியில் இழுத்துப் போட்டேன்.

கான்ஸ்டபிள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறது என்றார்.