இடப்பக்கக் கள்ளன்

தலைச்சோலை எஸ்டேட் ரைட்டர் சூசைமாணிக்கத்துக்கு வருசத்தில் ஒரு நாள்தான் வாழ்க்கை. இயேசு சிலுவையில் சாவதைக் காட்டும் கோயில் பாஸ்கா நாடகத்தில் அவர்தான் இயேசு. மற்ற நாளெல்லாம் காப்பிக்கொட்டை நிறுக்கிறவரை அன்றைக்கு மட்டும் ஊரே கையெடுத்துக் கும்பிடும்.

எழுபத்தெட்டாம் வருசம் பங்குச்சாமியார் பாக்கியநாதன் ஒரு வெள்ளைக்காரரை நாடகத்துக்குக் கூட்டிவந்தார். பெர்சிவல் துரை. ஏற்காட்டில் பிறந்து, லண்டனில் நாற்பது வருசம் நாடகமும் சினிமாவும் நடித்துவிட்டு, கடைசிக் காலத்தில் மலையேறி வந்துவிட்டவர்.

தன் வேசம் பறிபோகுமோ என்று சூசை கணக்குப் போட்டார். கோயில் படத்து இயேசுவும் வெள்ளை, துரையும் வெள்ளை!

"கெழவனுக்கு எழுவது வயசுங்க சாமி" என்று யாரும் கேட்காமலேயே சாமியாரிடம் போட்டு வைத்தார்.

துரையோ கும்பிட்டார். "எனக்கு இடப்பக்கக் கள்ளன் போதுமுங்க. லண்டன்லயும் திருடன், கொலைகாரன், இல்லாட்டிப் பொணம். ஒரு படத்துலகூட என்னய நல்ல கதிக்கு விட்டதில்லீங்க."

இயேசுவுக்கு இரண்டு பக்கமும் சிலுவையில் தொங்கும் கள்ளர்களில் இடப்பக்கத்தான் அவரைத் திட்டுகிறவன். மனம் திருந்தும் வலப்பக்கத்தானுக்குத்தான் மோட்சம். இவனுக்கு ஒரே ஒரு வசனம். சூசைக்கு நிம்மதி வந்தது. அட அப்பாவி மனுசா!

நாடகத்தில் மூன்று சிலுவையும் நின்றன. துரை ஒழுங்காகத் திட்டி முடித்தார். வலப்பக்கத்தானுக்கு மோட்சம் கிடைத்ததும்தான் வேலையைக் காட்டினார். கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார். பந்தியில் இலை கிடைக்காத பிள்ளை மாதிரி முழித்தார். மூக்கில் உட்கார்ந்த ஈயை ஊதினார். ஈ ஏது அங்கே! சனம் சிரித்தது, அப்புறம் மூக்கைச் சிந்தியது. சூசை தன் வசனப்படி தாகமென்று தொண்டை கிழியக் கத்தினார். யாரும் திரும்பவில்லை. கையை மட்டும் கட்டாமல் இருந்தால் கிழவனுக்கு ஒரு அறை விழுந்திருக்கும்.

முன்வரிசையில் சாந்தாமேரி எழுந்தாள். சூசையின் சொந்தப் பெண்டாட்டி!

"ஏனுங்க, அந்தத் தாத்தாவையும் கூட்டிக்கிட்டுப் போங்க! நொம்பப் பாவமுங்க!"

"ஆமாங்க, கூட்டிக்கிட்டுப் போங்க!" என்றது கூட்டம்.

படுதா ஓரத்தில் சாமியார் வேண்டாம் வேண்டாமென்று கையை ஆட்டினார். சூசை திரும்பிப் பார்த்தார். கிழவன் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. நடிப்பா நிஜமா, யார் கண்டது?

"சரி, நீயும் வா" என்றார் சூசை.

கைதட்டலில் கொட்டகை அதிர்ந்தது. "நாப்பது வருசத்துல இதான் மொத மோட்சமுங்க" என்று முணுமுணுத்தார் துரை.

திரை விழுந்ததும் சாமியார் பாய்ந்து வந்தார். "வேதத்துல இல்லாததச் சொல்லிப்புட்டியே சூசை!"

"சனம் அழுது கேட்டுச்சுங்க சாமி. இயேசுவா நின்னுக்கிட்டு எப்புடிங்க முடியாதுங்கறது?"