சதுரங்கப்பட்டினத்து ஐந்து குச்சிகள்

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனிக்குச் சமூக சேவை ஆசை வந்தால் அது ஞாயிற்றுக்கிழமையில்தான் வரும். துணி துவைக்கக் கிடைக்கிற அந்த ஒரு நாளையும் பறித்துக்கொண்டு, வேல்விழியோடு நாற்பது ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பஸ்ஸில் ஏற்றி, சதுரங்கப்பட்டினம் கடற்கரையைச் சுத்தம் செய்யக் கூட்டி வந்திருந்தார் எச்.ஆர். அதிகாரி ராஜாமணி. செல்போன்களைப் பஸ்ஸிலேயே வாங்கி வைத்துக்கொண்டார். டச்சுக்கோட்டைக்குப் பத்தே நிமிடம் ஒதுக்கினார். அங்கிருந்த பழைய கல்லறைக் கற்களின் செதுக்கு வேலையை வேல்விழி நின்று பார்ப்பதற்குள் விசில் ஊதிவிட்டார்.

கரையில் ஆள் நடமாட்டமே இல்லை. நண்டுகள் காலடி கேட்டு வளைக்குள் ஓடின. ஆலாக்கள் அலையை ஒட்டித் தாழப் பறந்தன. இவர்கள் அசெம்பிளி லைனில் பழகிய வேகத்தில் இறங்கினார்கள். தொழிற்சாலையில் லேபிள் இல்லாத பொருள் எதுவானாலும் கழிவு போடும் சிவப்புத் தொட்டிக்குப் போக வேண்டும். அதே பழக்கத்தில் பாட்டில், அறுந்த வலை, செருப்பு எல்லாம் சாக்குக்குள் போயின. மணலில் நட்டிருந்த மூங்கில் குச்சிகளும் போயின. இரண்டை வேல்விழியே பிடுங்கினாள். பின்னால் வந்தவர்கள் மணலைச் சீவிச் சமமாக்கினார்கள்.

ஆமைக் கூடுகளுக்குக் காவல் இருக்கும் மீனவப் பெண் சின்னப்பொண்ணு மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"அஞ்சு கூடும்மா. ஆமை முட்ட வச்ச எடம் தெரியணும்னுதான் குச்சி நட்டு வச்சிகினு கீறேன். இன்னாத்துக்கு அத்தப் புடுங்குனீங்க?"

வேல்விழிக்கு முதலில் தன்மேல்தான் ஆத்திரம் வந்தது. ஒரு குச்சியை யாராவது சும்மா நட்டு வைப்பார்களா என்று யோசிக்கக்கூட விடாமல் கையைப் பழக்கிவிட்டார்களே என்று அடுத்த ஆத்திரம். கூட்டுக்கு நூறு முட்டை. வேலை முடிந்ததும் நடக்கவிருந்த பரிசளிப்புக்காக மேடைச் சாமான் ஏற்றிய வண்டி வேறு மணலில் இறங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் நினைவு வந்தது. சுத்தம் செய்யும் முன் ஒரு படம், செய்த பின் ஒரு படம் எடுப்பது கம்பெனி வழக்கம். காலையில் ராஜாமணி தன் போனில் எடுத்த படத்தில் குச்சிகள் இருக்கும். கரையில் நின்ற படகுகளை வைத்து இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். ஓடிப்போய்க் கேட்டாள். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஐந்து குச்சிகளும் பளிச்சென்று தெரிந்தன. இது வனத்துறை கையில் கிடைத்தால் கம்பெனி பேர் நாறிவிடும் என்று முணுமுணுத்தவர், அவள் கண்ணெதிரிலேயே அதை அழித்தார்.

வேல்விழி நேராகப் போய் வண்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"இன்னாமா, சீன் போடுறியா? நாளைக்கு உனக்கு கேட் தொறக்காது" என்றார் ராஜாமணி.

"தொறக்க வேண்டாம் சார்."

மணல் சமமாகிவிட்டதில் தனக்கும் இடம் தெரியாமல் சின்னப்பொண்ணு பக்கத்தில் வந்து குனிந்து, அவள் குச்சி பிடுங்கிய கூடு இருப்பது இந்த இடத்தில்தானா என்று கேட்டாள்.

"தெரியலக்கா. இங்கன எங்கயோதான் கெடக்கு" என்றாள் வேல்விழி. "நான் எந்திரிச்சா வண்டிய மேல ஏத்திருவானுவ."