அப்போதும் விலக்கு இருந்தது

தக்காளியைக் கொதிநீரில் முக்கி எடுத்துத் தோலுரித்துக்கொண்டிருந்தபோது பின்கதவு தட்டப்பட்டது. ட்வைட் ஆஸ்டென்டார்ஃப் நின்றிருந்தான். தொப்பி கையில் இருந்தது. என் கணவர் லைலின் இறுதிச் சடங்குக்குப் பிறகு அவன் என் முன்னால் தொப்பியைக் கழற்றியது அன்றுதான்.

"உன் கார் ஓடுற நிலைமையில இருக்கா, நடீன்?"

"இருக்கு. உன் டிரக்குக்கு என்ன?"

"டிரக்ல படுக்க முடியாது."

நானும் அவனும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். கல்யாணமாகி நான் இந்த வீட்டுக்கு வந்தபோது எதிரே சோயா வயலுக்கு நடுவில் அவன் வீடு இருந்தது. இடையில் ஒரு கப்பிச் சாலை, அவ்வளவுதான். தேர்தல் வந்தால் அவன் வாசலில் ஒரு கட்சியின் பலகை நிற்கும், என் வாசலில் இன்னொன்று. அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. லைல் போன பிறகு ஒவ்வொரு குளிர்காலமும் சொல்லாமலே வந்து என் வாசல் பனியைத் தள்ளிவிட்டுப் போவான். நான் பழக் கேக் கொண்டுபோய்க் கொடுப்பேன். எதையும் கேட்டு அவன் என் வீட்டுப் படி ஏறியதில்லை.

அவன் மகள் டெஸ்ஸா வயிற்றுப்பிள்ளையோடு அப்பா வீட்டுக்கு வந்திருந்தாள். ஐந்தாம் மாதம் தொடங்கியிருந்தது. அவள் கணவன் ஆற்றில் சரக்குப் படகுகளை இழுக்கும் வேலையில் இருந்தான், போனால் மாதம் கழித்துத்தான் திரும்புவான். முந்தின நாள் காலையில் டெஸ்ஸாவுக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது. உள்ளூர் மருத்துவமனையில் பார்த்துவிட்டு, குழந்தை பிழைக்காது, ஆனால் இதயம் துடிக்கிறது, அதனால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். கருக்கலைப்புத் தடைச் சட்டம் வந்த பிறகு எங்கள் மாநிலத்து மருத்துவர்கள் நோயாளியைப் பார்ப்பதற்கு முன்னால் வக்கீலைப் பார்க்கப் பழகியிருந்தார்கள்.

"காய்ச்சல் வந்தா கூட்டிட்டு வாங்கன்னாங்க," என்றான் ட்வைட். "காய்ச்சல் வர்றதுக்குக் காத்திருக்கணுமாம். கன்னுக்குட்டி வயித்துலயே செத்துப்போனா நான் மாட்டைக்கூட அப்படி விடமாட்டேன்."

நான் அடுப்பை அணைத்தேன்.

"கிளம்பும்போது ஒரு நர்ஸ் பின்னாடியே வந்தா. என் பொண்ணா இருந்தா இந்நேரம் ஆத்துக்கு அந்தப் பக்கம் இருப்பான்னு சொல்லிட்டுப் போயிட்டா." தொப்பியின் விளிம்பைத் திருகிக்கொண்டே நின்றான். "அந்தப் பக்கம் உங்க ஆளுங்க இருப்பாங்கல்ல. யார்கிட்டப் போகணும், என்ன சொல்லணும்னு உனக்குத் தெரியும்."

எங்கள் ஆட்கள். மெதடிஸ்ட் தேவாலயத்தின் அடித்தளத்தில் மாதம் ஒருமுறை கூடி, ஆறிப்போன காப்பியைக் குடித்து, போன தேர்தலில் ஏன் தோற்றோம் என்று பேசிக் கலையும் அரை டஜன் கிழங்கள். அப்போது நாங்கள் கருக்கலைப்பு உரிமையை மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுவரக் கையெழுத்து திரட்டிக்கொண்டிருந்தோம். கோடை முழுக்கத் தீவனக் கடை வாசலில் வெயிலில் நின்றேன். என்னிடம் படித்த பிள்ளைகள் என்னைப் பார்த்ததும் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு போனார்கள்.

"அங்க இருக்கிறது ஆஸ்பத்திரி, ட்வைட். ஆத்தைத் தாண்டினா இல்லினாய் மாநிலம், சட்டம் வேற, அவ்வளவுதான். ரகசியக் கதவெல்லாம் கிடையாது. கூட்டிட்டுப் போனா பார்ப்பாங்க."

"நீ வா," என்றான்.

பின்சீட்டில் துண்டுகளை விரித்து டெஸ்ஸாவைப் படுக்கவைத்தோம். அவளும் என் மாணவிதான். வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, கேட்டால் மட்டும் சரியான பதிலைச் சொல்லும் பெண். முகம் வெளுத்திருந்தது. தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "சீட்டு அழுக்காயிடும் டீச்சர்," என்றாள்.

"கார்தானே. படு."

ட்வைட் முன்னால் உட்கார்ந்து நேராகச் சாலையைப் பார்த்தபடி வந்தான். இருபுறமும் சோயா மஞ்சளித்திருந்தது. இடையிடையே விளம்பரப் பலகைகளில் கொழுகொழுக் குழந்தைகள், தங்கள் இதயம் எந்த நாளில் துடிக்கத் தொடங்கியது என்று அறிவித்துக்கொண்டிருந்தன. இத்தனை காலமும் அவற்றைப் பார்த்துப் பல்லைக் கடித்திருக்கிறேன். அன்று டெஸ்ஸா அவற்றைப் பார்க்க முடியாதபடி படுத்திருக்கிறாளே என்று மட்டும் தோன்றியது.

என் கைபேசிக்கு வரும் குறுஞ்செய்திகளைக் கார் தானாகவே உரக்கப் படிக்கும். அதை எப்படி நிறுத்துவதென்று எனக்கு இன்றுவரை தெரியாது. நெடுஞ்சாலையில் ஏறியதும் அந்த இயந்திரக் குரல் தொடங்கியது. "நடீன், எங்களைக் கைவிட்டுவிட்டீர்களா? மண்டியிட்டுக் கேட்கிறோம். இன்று நள்ளிரவுக்குள் நன்கொடை அனுப்புங்கள்."

ட்வைட் திரும்பினான். "யாரு இது?"

"எங்க கட்சி."

"நேத்து எங்க கட்சியும் எனக்கு மண்டி போட்டுச்சு."

பின்னால் டெஸ்ஸா சிரித்துவிட்டாள். சிரிப்பு வயிற்றைப் பிடிக்க, மூச்சை இழுத்துக்கொண்டு முனகினாள். ட்வைட் கையைப் பின்னால் நீட்டினான். அவள் அதைப் பற்றிக்கொண்டாள். பாலம் வரும்வரை அவன் தோளை முறுக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

பாலத்தின் மேல் டெஸ்ஸா கேட்டாள். "டீச்சர், நான் இப்பப் பண்ணப்போறது அதுவா?"

எது என்று நான் கேட்கவில்லை. எதிர் வீட்டு வாசலில் நட்ட பலகைகளில் அந்தச் சொல் இருந்திருக்கிறது. ஞாயிறுதோறும் அவள் கேட்டு வளர்ந்த பிரசங்கங்களிலும் இருந்தது.

"இல்லம்மா," என்றான் ட்வைட். "இது வேற. கடவுளுக்குத் தெரியும், இது வேற."

"காகிதத்துல அந்தப் பேர்தான் இருக்கும்," என்றேன். "அதுக்காக நீ வேற ஆளாயிடமாட்ட."

"இது வேறன்னு சொல்றேன்ல, நடீன்."

"உனக்கு வேற, ட்வைட். சட்டத்துக்கு வேற இல்ல. இருந்திருந்தா நாம இப்ப இந்தப் பாலத்து மேல இருக்க மாட்டோம்."

சொல்லியிருக்க வேண்டாம். எத்தனையோ ஆண்டுகளாக நான் சொல்லக் காத்திருந்த வாக்கியம் அது. அதைச் சொல்லும் நாள் இப்படி வரும் என்று நினைத்திருந்தால், காத்தே இருந்திருக்க மாட்டேன். கீழே ஆறு சேற்று நிறத்தில், தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

மருத்துவமனை வாசலில் இறங்கும்போதே டெஸ்ஸாவுக்கு நடுக்கம் கண்டுவிட்டது. எங்கள் பக்கம் காத்திருக்கச் சொன்ன காய்ச்சல் அது. இளம் மருத்துவர் ஒருத்தி அவள் நெற்றியைத் தொட்டுவிட்டு, எங்களிடம் ஒரு வார்த்தை பேசாமல் தள்ளுபடுக்கையோடு ஓடினாள். அவளை அப்படி ஓடவிட்டதற்காகவே அந்த ஊரை எனக்குப் பிடித்துப்போயிற்று. ட்வைட் காத்திருக்கும் அறையில் முழங்கைகளைத் தொடையில் ஊன்றி, உதடு அசையாமல் ஜெபம் செய்தான். நான் இயந்திரத்தில் பிஸ்கட் வாங்கி வந்து கொடுத்தேன். பிரித்து, பாதியை எனக்குத் தந்தான்.

சாயங்காலம் அந்த மருத்துவர் வந்தாள். ரத்தத்தில் நஞ்சு ஏறத் தொடங்கியிருந்தது, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் கர்ப்பப்பையை எடுத்திருக்க வேண்டும், அல்லது அதற்கும் நேரம் இருந்திருக்காது என்றாள். டெஸ்ஸா பிழைத்துக்கொள்வாள். குழந்தையை ஒரு சின்னக் கம்பளித் தொப்பி போட்டுத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். பையன். ட்வைட்டின் உள்ளங்கையில் அடங்கினான். டெஸ்ஸா அவனுக்கு ஆர்வின் என்று பெயர் வைத்தாள். ட்வைட்டின் அப்பா பெயர் அது.

ஊருக்குத் திரும்பிய பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. ஒருநாள் என் வாசலில் மான்கறிப் பொதி ஒன்று இருந்தது. வாக்கெடுப்புக்குக் கையெழுத்து போதுமான அளவு சேர்ந்து, அந்தக் கேள்வியும் தேர்தல் வாக்குச்சீட்டில் ஏறிவிட்டது. தேர்தலன்று சாயங்காலம் தபால்பெட்டி அருகே அவனைப் பார்த்தேன்.

"அந்தக் கேள்விக்கு ஆமான்னு போட்டேன்," என்றான், கடிதங்களைப் பார்த்தபடி.

"மத்ததுக்கெல்லாம்?" என்று கேட்டேன்.

"மத்ததெல்லாம் எப்பவும் போலத்தான்."

நாங்கள் ஜெயித்தோம். தேவாலய அடித்தளத்தில் ஒரு கேக் வெட்டினோம், சிலர் அழுதார்கள். அதே வாக்குச்சீட்டில், அதே கைகளால், எங்கள் மாவட்டம் கோரி லிண்ட்ஹார்ஸ்ட்டை மறுபடியும் பிரதிநிதியாக அனுப்பியது. அவனும் என் மாணவன்தான். மசோதா எப்படிச் சட்டமாகிறது என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கியிருக்கிறேன். நன்றாகவே புரிந்துகொண்டிருந்தான். குளிர்காலம் முடிவதற்குள், மக்கள் குழப்பத்தில் வாக்களித்துவிட்டார்கள், அவர்களிடம் இன்னொரு முறை கேட்கவேண்டும் என்று ஒரு தீர்மானத்தைச் சட்டசபையில் வைத்தான்.

கட்சியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. மண்டியிட்டுக் கேட்டார்கள். நான் சோபாவில் படுத்து மதியம் முழுக்கக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம்கூட வரவில்லை. கழுவி அடுக்கிய பாத்திரங்களை யாரோ மறுபடியும் தொட்டியில் போட்டுவிட்டுப் போனதுபோல இருந்தது.

அன்று டெஸ்ஸா வந்தாள். "தலைநகர்ல யார் வேணா போய்ப் பேசலாமாமே டீச்சர். வகுப்புல நீங்கதான் சொன்னீங்க."

"பேசலாம். கேட்பாங்கன்னு நான் சொல்லலையே."

"கேக்கலன்னாலும் பரவால்ல. நான் பேசுறேன்."

கிளம்பும் காலையில் ட்வைட் தன் ஒரே கோட்டுசூட்டில் வந்து காரில் ஏறினான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை.

சட்டசபைக் குழுவின் விசாரணை அறையில் கோரி என்னைக் கண்டதும் மேடையிலிருந்து இறங்கி வந்து கட்டிப்பிடித்தான். "மிஸஸ் ப்ரூயிட், நான் இங்க இருக்கேன்னா அதுக்கு நீங்கதான் காரணம்," என்று பக்கத்தில் இருந்தவர்களிடமும் சொன்னான். மனதாரத்தான் சொன்னான். அதுதான் என்னைக் களைக்க வைத்தது.

டெஸ்ஸா பேசினாள். குரல் நடுங்கவில்லை. பனிக்குடம், காய்ச்சல், பாலம், கம்பளித் தொப்பி என்று வரிசையாகச் சொன்னாள். உறுப்பினர்களில் ஒருவர் எதையோ தட்டச்சு செய்துகொண்டிருந்தார். கோரி கவனமாகக் கேட்டான், தலையை வருத்தத்தோடு அசைத்தான்.

"உங்க இழப்புக்கு ரொம்ப வருந்துறேன். ஆனா ஒண்ணு தெளிவுபடுத்தணும். தாயோட உயிருக்கு ஆபத்துன்னா நாங்க கொண்டுவர்றதுல விலக்கு இருக்கு."

"அப்பவும் இருந்துச்சு," என்றாள் டெஸ்ஸா. "அதைத் தொட்டுப் பார்க்க யாருக்கும் தைரியம் இல்ல. நான் சாகுற நிலைமைக்கு வர்ற வரைக்கும் எல்லாரும் வெளிய நின்னாங்க."

நேரம் முடிந்ததைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. அடுத்த பெயர் ட்வைட்டுடையது. அவன் பெயர் கொடுத்ததே எனக்குத் தெரியாது. ஒலிவாங்கி முன் போய், தொப்பியை மேசையில் வைத்தான்.

"கோரி, உங்கப்பாவை எனக்குத் தெரியும். அவரோட சேர்ந்து வைக்கோல் கட்டியிருக்கேன்," என்றான். பிறகு நிறுத்தினான். தாடை அசைந்தது. "எல்லாத் தடவையும் நான் உனக்குத்தான் ஓட்டு போட்டேன்."

"ரொம்ப நன்றி சார்," என்றான் கோரி.

ட்வைட் இன்னும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். கோரி அதற்குள் அடுத்த பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தான். ட்வைட் தொப்பியை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். தீர்மானம் எதிர்பார்த்தபடியே நிறைவேறியது. கையைத் தூக்கவே அவர்களுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

திரும்பும்போது டெஸ்ஸா சாவியை வாங்கிக்கொண்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். வசந்தத்தில் மறுபடியும் தீவனக் கடை வாசலில் நிற்கவேண்டும். முழங்கால் தாங்குமா என்று யோசித்தேன். நிற்காமல் இருந்துவிட்டால் என்ன என்றும் யோசித்தேன்.

"அவன் எனக்கு நன்றின்னான்," என்று பின்னாலிருந்து ட்வைட்டின் குரல் வந்தது.

"கேட்டேன்."

"நான் அதுக்குச் சொல்லல."

"தெரியும், ட்வைட். அவனுக்குத் தெரியல."

கொஞ்ச தூரம் போனதும் டெஸ்ஸா வண்டியை ஓரங்கட்டினாள். அறுவடை முடிந்த சோள வயல் முழுக்கப் பனி வாத்துக்கள் இறங்கியிருந்தன, மண் தெரியாத வெள்ளை. வடக்கே போகும் வழியில் இளைப்பாற இறங்கியவை. ட்வைட் கதவைத் திறந்துகொண்டு இறங்கினான். கோட்டின் பொத்தானைப் போடாமல், வேலிக் கம்பியைப் பிடித்தபடி எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றான். டெஸ்ஸா எஞ்சினை நிறுத்தவில்லை. வயலின் அந்தக் கோடியில் ஏதோ ஒன்று கலைக்க, ஒரு மூலையிலிருந்து பறவைகள் எழத் தொடங்கின. அந்த இரைச்சல் வயல் முழுக்கப் பரவி எங்களை நோக்கி வந்தது. இன்னும் எழாதவை தரையில் கழுத்தை உயர்த்திக்கொண்டு நின்றன.