இருப்பவர் பெயருக்கு அர்ச்சனை

மகன் கல்யாணப் பத்திரிகையை முதலில் காமாட்சி அம்மன் காலடியில் வைத்துவிட்டுத்தான் உறவுக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று பரசுராமன் சொல்லிவிட்டார். அவர் சொன்னால் அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது. மாகறல் பக்கத்து ஊரிலிருந்து மனைவி காந்தாவையும் மகன் அஜித்தையும் காரில் ஏற்றிக்கொண்டு காலையிலேயே கிளம்பினார். மணப்பெண் பொன்னியின் அப்பா வேல்முருகனும் அம்மா ஏலவார்குழலியும் உத்திரமேரூரிலிருந்து நேராகக் கோயிலுக்கே வந்துவிட்டார்கள்.

காந்தாவுக்குத் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் வேலை. எந்தப் புடவை கட்டுவது, யாரிடம் எவ்வளவு பேசுவது எல்லாம் முந்தின நாளே அவர் சொல்லியாகிவிட்டது.

சன்னதியில் அர்ச்சகர் தட்டை வாங்கிக்கொண்டு, "பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார்.

பரசுராமன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். பிள்ளைகளின் நட்சத்திரம் அவருக்கு நினைவில் நிற்பதில்லை. அதை மட்டும் இத்தனை வருடமாக அவளிடம் விட்டிருந்தார்.

"தேவிப்ரியா, ரேவதி. அஜித், பூராடம்" என்றாள் காந்தா.

மூத்தவள் பெயர் முதலில், தம்பி பெயர் பிறகு. பிள்ளைகள் இடுப்பில் இருந்த நாளிலிருந்து எந்தக் கோயிலுக்குப் போனாலும் அப்படித்தான் சொல்லிப் பழக்கம். வாயை விட்டுப் போன பிறகுதான் அவள் காதிலேயே அது விழுந்தது. அதற்குள் அர்ச்சகர் இரண்டு பெயர்களையும் சங்கல்பத்தில் சேர்த்துச் சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

இருப்பவர்கள் பெயருக்குத்தான் அர்ச்சனை செய்வார்கள். போனவர்களுக்குத் திதி உண்டு, அர்ச்சனை கிடையாது.

ஏலவார்குழலி மெதுவாகக் கேட்டாள். "தேவிப்ரியான்னா உங்க பெரிய பொண்ணு தானே? காமாலைல போய்டுச்சுன்னு சம்பந்தி சொன்னாரே?"

தேவிப்ரியாவுக்குக் காமாலை வந்ததே இல்லை. மூன்று வருடத்துக்கு முன்னால், கூடப் படித்த சந்தோஷ்குமாரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அவன் ஊருக்கு வெளியே காலனியில் இருந்த முனுசாமியின் மகன். மறுநாளே பரசுராமன் பஸ் ஸ்டாப்பில் மகள் படத்தைப் போட்டுக் கண்ணீர் அஞ்சலி என்று ஃப்ளெக்ஸ் வைத்தார். பதினாறாம் நாள் கருமாதியும் செய்தார். எல்லோரோடும் சேர்ந்து காந்தாவும் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். அவள் அழுததை ஊர் தனக்குத் தோதாக எடுத்துக்கொண்டது. ஆனால் மகள் செத்துவிட்டாள் என்று அவள் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

இன்றைக்குக் கேட்டார்கள்.

வேல்முருகன் நல்ல மனுஷன். அவரே வழி எடுத்துக் கொடுத்தார். "பெத்த வயிறு சம்பந்தி. நல்ல காரியம் நடக்கறப்போ நெனப்பு வரத்தானே செய்யும்? விடுங்க."

"அதான் சம்பந்தி. இவ அப்பப்ப இப்டிதான்" என்று சிரித்தார் பரசுராமன். காந்தாவைப் பார்த்தபோது அந்தச் சிரிப்பு இல்லை. "வாய் தவறி வந்துடுச்சுன்னு சொல்லு."

தலையை ஆட்டினால் போதும். அஜித் அப்பாவுக்குப் பின்னால் நின்று கண்ணாலேயே கெஞ்சினான். உள்ளே குங்குமம் விழுந்துகொண்டிருந்தது. அர்ச்சகர் அவள் மகளின் பெயரைச் சொல்லித்தான் போடுகிறார். இப்போது தலையாட்டினால், அம்மன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மகளைக் கொன்றதாகிவிடும் என்று காந்தாவுக்குத் தோன்றியது.

"இருக்குறா" என்றாள் ஏலவார்குழலியிடம். யாரோ நலம் விசாரித்ததற்குப் பதில் சொல்வதுபோலத்தான் சொன்னாள். "சின்ன காஞ்சிபுரத்துல இருக்குறா. கல்யாணமாயிடுச்சு. நல்லாத்தான் இருக்குறா."

வெளியே வந்தபோது பரசுராமன் சத்தம் போடவில்லை. நாலு பேர் இருக்கும் இடத்தில் அவர் சத்தம் போடமாட்டார். சம்பந்தி வீட்டாரைத் தனியாக அழைத்துப் போய் வெகுநேரம் பேசினார். அவர்கள் காந்தாவைப் பரிதாபமாகத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்கள். பிறகு காரருகே வந்தார்.

"நீ ஏறாத. எவ இருக்குறான்னு சொன்னியோ அவகிட்டயே போ."

அஜித் கதவைப் பிடித்தபடி நின்றான். "அப்பா, அம்மா பாவம்பா."

"டேய், ஏறு."

அவன் ஏறிக்கொண்டான். பின் கண்ணாடியில் அவன் முகம் திரும்பியிருந்தது, கார் வளையும் வரைக்கும்.

மகள் இருக்கும் இடம் காந்தாவுக்குத் தெரியும். ஊருக்குப் பூக்கூடையோடு வருகிற பூவம்மாள் எப்போதோ சொல்லியிருந்தாள்: விளக்கொளி பெருமாள் கோயில் பக்கம், மாவு மில்லுக்கு எதிர் மாடி. வந்து பார்க்கத்தான் தைரியம் வந்ததில்லை. வழியில் வந்த ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினாள்.

கதவு திறக்கவில்லை. ஜன்னல்தான் கொஞ்சம் திறந்தது.

"யாரு?"

"நான்தான். காந்தா."

"கூட யாரு வந்துக்கினு இருக்காங்க?"

"யாருமில்ல. ஆட்டோல வந்தேன்."

சந்தோஷ்குமாரின் அம்மா சம்பூர்ணம் ஜன்னல் வழியாகத் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறந்தாள். காந்தா வீட்டு வயலில் நாற்று நட்டவள். அப்போதெல்லாம் வாய்க்கு வாய் அம்மா என்பாள். இன்றைக்கு எந்த முறையும் சொல்லிக் கூப்பிடவில்லை.

"நீங்க வந்துட்டீங்க. நாளைக்கு உங்க வூட்டு ஆளுங்க வந்தா நான் இன்னா பண்றது?"

காந்தா செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"அன்னிக்கி எங்க வூட்ட உடைச்சாங்க. எங்க வூட்டுக்காரருக்கு இன்னும் அந்த அடிபட்ட கால ஊன முடியல. அப்பறம் ஆபீசருங்க வந்து அமைதிக் கூட்டம் போட்டாங்க. எல்லாரும் டீ குடிச்சாங்க. ஊரு அமைதியா இருக்கணும்னா நீங்க கொஞ்ச நாளு வெளிய இருங்கன்னாங்க. உடைச்சவங்கள சொல்லல, எங்களத்தான்." சம்பூர்ணம் முந்தானையால் கையைத் துடைத்தாள். "ஊரு இப்ப அமைதியாத்தான் இருக்குது. நாங்கதான் அங்க இல்ல."

"நான் வூட்லதான் இருந்தேன்" என்றாள் காந்தா. "சத்தம் கேட்டுச்சு."

"தெரியும்."

 சம்பூர்ணம் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க. பொண்ணு கடைய விட்டு சாயங்காலம்தான் வரும். பையன் வர ராத்திரி ஆவும்."

பட்டுக்கடையில் பில் போடும் வேலை. தேவிப்ரியா வந்ததும் அம்மாவைப் பார்த்தாள். ஓடி வந்து கட்டிக்கொள்ளவில்லை. முதலில் ஜன்னலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தாள். கதவின் மேல் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள் இரண்டையும் போட்டாள். காலி கேஸ் சிலிண்டரை உருட்டி வந்து கதவோடு அணைத்து வைத்தாள். தினமும் செய்கிற வேலை என்பது பார்த்தாலே தெரிந்தது. நல்லாத்தான் இருக்குறா என்று கோயிலில் சொன்னது காந்தாவுக்கு நினைவு வந்தது.

"அப்பா அனுப்பினாரா?"

"இல்லம்மா."

நடந்ததைக் காந்தா சொன்னாள். தேவிப்ரியாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. "செத்தவளுக்குப் போய் அர்ச்சனை பண்ணிட்டு வந்தியா?" சிரிப்பு பாதியில் உடைந்தது. அம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். "சும்மா தலையாட்டி இருக்கலாமேம்மா. அஜித் கல்யாணம்மா அது."

போன் அடித்தது. அஜித்.

"எங்கம்மா இருக்க?"

"அக்கா வூட்ல."

 "அப்பா அவங்ககிட்ட பேசி சரி பண்ணிட்டாரு. அக்கா செத்ததுலருந்து உனக்கு மனசு சரியில்ல, ட்ரீட்மெண்ட் போய்க்கினு இருக்குதுன்னு சொல்லி இருக்காரு. நாளைக்கு அவங்க வூட்டுக்கு வந்து ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிடுமா. எல்லாம் சமாதானமா முடிஞ்சிடும். எனக்காகமா."

"அக்கா பக்கத்துலதான் இருக்குறா. பேசுறியா?"

"எப்டி இருக்குறா?"

"எளைச்சிட்டா."

"நீ இல்லாம நான் எப்டிமா மணையில உக்காருவேன்?"

போ என்று தேவிப்ரியா கையால் ஜாடை காட்டினாள். காய் நறுக்கிக்கொண்டிருந்த சம்பூர்ணத்தின் கை நின்றது. காந்தா மகளின் தலையில் கையை வைத்துக்கொண்டாள். தலை சூடாக இருந்தது.

"அஜித்து, கேளு. அட்சதைல மஞ்சள் நெறைய கலக்க வேணாம்னு சொல்லு, உனக்குக் கண்ணு எரியும். கூறைப்புடவை புதுசு, மொறமொறன்னு நிக்கும். பொன்னிக்கு மடிப்பு வெச்சுக் கட்டிவுட யாராச்சும் கூட இருக்கணும். அம்மா செய்ய வேண்டியத உங்க அத்தை செய்யட்டும்."

"அம்மா..."

"வெறும் வயித்தோட மணையில உக்காராத. பால் குடிச்சிட்டுப் போ."

அவன் அழுவது கேட்டது. பின்னாலிருந்து பரசுராமன் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் கேட்டது. அஜித் அவசரமாகக் குரலைத் தாழ்த்தினான். "அக்காவ கேட்டேன்னு சொல்லுமா."

லைன் போய்விட்டது. காந்தா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. "மாலை கனமா இருக்கும், கழுத்து வலிக்கும். நடுவுல கழட்டி வெச்சுக்கோ. புகை வந்தா கண்ணக் கசக்காத" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். தேவிப்ரியா எழுந்து அவள் கையிலிருந்து மெதுவாகப் போனை வாங்கும் வரைக்கும்.