மதிலோரத்துக் கராஜ்

கட்டடம் அளக்கப் பிரதேச சபையிலிருந்து ரீ.ஓ., அதுதான் தொழில்நுட்ப உத்தியோகத்தர், வருகிறார் என்று தெரிந்ததும் என் வீட்டுக்காரர் செய்த முதல் வேலை, பக்கத்து வீட்டுப் பளீலின் ஓட்டோவை இரவல் வாங்கி வந்து புது அறைக்குள் விட்டதுதான். எங்களிடம் வாகனம் ஏதும் கிடையாது. இவருக்கு ஒரு சைக்கிள் இருக்கிறது, அதிலும் ஒரு பக்க பிறேக்தான் பிடிக்கும். ஆனால் பிளானில் கராஜ் என்று எழுதிக் கொடுத்தாயிற்று, உள்ளே ஏதாவது நிற்க வேண்டுமே. நான் முன்கூட்டியே கொண்டுபோய் வைத்திருந்த பாயையும் தலையணைகளையும் அள்ளி வந்து மகளின் அலுமாரிக்குப் பின்னால் ஒளித்தேன். அறுபத்திரண்டு வயதில் கள்ளத்தனம் பண்ணவும் உடம்பு கேட்கிறதில்லை.

வீடு மகள் அஸ்பியாவுடையது. கலியாணத்துக்கு முன்பே வீட்டையும் வளவையும் சீதன உறுதியாக அவள் பெயருக்கு எழுதிவிட்டோம். பெற்றவர்கள் சாகும்வரை இருக்க உரிமை உண்டு என்று ஒரு வரி சேர்ப்போமா என்று அன்றைக்கே உறுதி எழுதிய நொத்தாரிசு கேட்டார். இவர் அவசரமாகக் கையை ஆட்டி வேண்டாமென்றார். மாப்பிள்ளை வீட்டார் பக்கத்தில் இருக்கும்போது அப்படி எழுதுவது பெரிய வெட்கக்கேடு, எங்கள் பக்கம் யாரும் எழுதுவதில்லை. ஒன்பது வருஷம் போய்விட்டது. அறை இரண்டு, பேரப்பிள்ளைகள் மூன்று பேர். கத்தாரில் இருந்த மருமகன் இன்ஸாப் இனிப் போவதில்லை என்று திரும்பி வருகிறார். நாங்கள் இரண்டு பேரும் ஹோலில் பாய் போட்டுப் படுத்துக் கிடந்தால் அந்த மனுஷன் எந்த வழியால் நடப்பார்? அதற்காகத்தான் பக்கத்து மதிலோரம் இந்த அறை, நாங்கள் இரண்டு பேரும் கால் நீட்ட. என் காதில் கிடந்த தோடுதான் இப்போது கூரைச் சீற்றாகக் கிடக்கிறது.

கட்டிவிட்டுத்தான் சபையில் பாஸ், அதாவது கட்ட அனுமதி, கேட்டோம், ஊரில் எல்லோரும் செய்வதுபோல. ஆட்கள் இருக்கிற அறையென்றால் மதிலிலிருந்து தள்ளிக் கட்ட வேண்டுமாம். வாகனம் விட, சாமான் போட என்றால் ஒட்டிக் கட்டலாமாம். தள்ளிக் கட்ட வளவில் எங்கே இடம்? "கராஜ் எண்டு எழுதுவம் சுபைறா. எழுதுறது ஒண்டு, இரிக்கிறது ஒண்டு" என்றார் இவர். வாசலையும் வாகனம் போகிற அகலத்துக்கு விட்டு வைத்தோம், பாஸ் கிடைத்ததும் பாதியை அடைத்துக்கொள்ளலாமென்று.

ரீ.ஓ. காரைதீவுப் பிள்ளை, பெயர் விதுஷா. ஸ்கூட்டியை வேலியோரம் நிறுத்திவிட்டு நாடாவோடு உள்ளே வந்தாள்.

"மதில் பக்கத்து ஜன்னல அடைக்கணும் ஐயா. கராஜுக்கு அது விட ஏலாது."

"அடைப்பம் மிஸ்."

கடல்காற்று வருமென்று நான் கெஞ்சிக் கேட்டு வைத்த ஜன்னல் அது. பிள்ளை குனிந்து நிலத்தைப் பார்த்தாள். சீமெந்து ஈரமாக இருக்கும்போதே இவர் தொழும்போது முகம் வைக்கிற கிப்லாத் திசை பார்த்து, ஆணியால் கோடு கீறி வைத்திருந்தார். அறை மதிலோடு போனது, கோடு அதன் பாட்டில் குறுக்கே போனது.

"இதென்ன கோடு ஐயா?"

"ஓட்டோ நிப்பாட்டுறதுக்கு மிஸ்."

"இப்பிடிக் கோணலாவா?"

பிள்ளை கோட்டைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"இதுக்குள்ள ஆக்கள் இருக்கப்போறாங்களா அம்மா?"

"இல்ல மகள்" என்றேன். ஐந்து நேரம் தொழுகிற வாய். எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது.

காணிச் சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும் என்று ஒரு படிவத்தை எடுத்தாள். இவர் சேர்ட் பையிலிருந்து பேனையை எடுத்து மூடியைக் கழற்றினார்.

"நீங்க இல்ல ஐயா. உறுதி மகள்ட பேர்லதானே."

இவர் மூடியைத் திரும்பப் போட்டார். அஸ்பியா குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து படிவத்தைச் சத்தமாக வாசித்தாள். "இக்கட்டடம் வாகனத் தரிப்பிடமாக மட்டுமே பாவிக்கப்படும். இதில் எவரும் வசிக்கமாட்டார்கள்." வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள், கண் கலங்கியிருந்தது.

"வையி மகள், வெறும் கடதாசிதானே" என்றேன். வைத்தாள். ஈரக்கை பட்டு மை கொஞ்சம் கலைந்தது.

பாஸ் வந்தது. வந்த கையோடு மருமகனும் வந்தார். சுண்ணாம்பு காயட்டும், வெள்ளிக்கிழமை குடிபோவோம் என்று நாங்கள் ஹோலிலேயே கிடந்தோம். வியாழன் பின்னேரம் வாசலில் ஹோன் சத்தம் கேட்டது. வாடகைக்கு ஹயர் ஓடுவதற்கென்று மருமகன் வேன் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

"பைலுக்குள்ள பாஸப் பாத்தன் மாமி. நான் வாறத்துக்கு முந்தியே கராஜ் கட்டி வச்சிரிக்கிங்க. அல்ஹம்துலில்லாஹ், இப்பிடி ஆருக்குக் கிடைக்கும்?"

அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். அஸ்பியா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் தலையை ஆட்டி அடக்கினேன். உண்மையைச் சொன்னால் அந்த நிமிஷமே வேனைத் தெருவில் கொண்டுபோய் விடுவார், தங்கமான மனுஷன். ஆனால் மருமகனிடம் போய், அது நாங்கள் படுக்கக் கட்டியது என்று எந்த மாமி சொல்வாள்? ஒன்பது வருஷத்துக்கு முன்னர் உறுதியில் எழுத வெட்கப்பட்டதை இப்போது வாயால் கேட்பதா?

இவர்தான் முன்னால் நின்று கை காட்டினார். "வாங்க மருமகன்… வாங்க… கொஞ்சம் இடது… போதும்." இரண்டு பக்கமும் கதவு திறக்க மட்டும் இடம் மிஞ்ச, வேன் நேராகப் போய் நின்றது.

அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. இவர் அன்றைக்குப் பள்ளிவாசலுக்குப் போகவில்லை. நான் தேடிக்கொண்டு போனபோது கராஜுக்குள் நின்றார். வேனுக்கு அடியிலிருந்து கோட்டின் வால் மட்டும் ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் தொழுகை விரிப்பு முஸல்லாவை ஒழுங்காக விரித்துத் தக்பீர் கட்டித் தொழத் தொடங்கினார். ஸுஜூதில் நெற்றியை நிலத்தில் வைத்தபோது அவருடைய தொப்பி புது டயரைத் தொட்டுக்கொண்டு நின்றது.