ஒண்டு காணாது

1

இந்தக் கதை திருடியது. புளியந்தீவில் ஒரு காதுக் கிளினிக்கின் மர வாங்கில், காதுக் குறும்பி எடுக்கக் காத்திருந்தேன். அப்பாவை உள்ளே விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து இருந்த ஒரு பெண் பேச்சுக் கொடுத்தாள். எழுதலாமா என்று கேட்டேன். "பேர மாத்துங்க," என்றாள். மாற்றிவிட்டேன். அவள் சிவானுஜா.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மட்டக்களப்பு வாவியில் மீன்கள் பாடும் பௌர்ணமியில்—'

வெட்டியாயிற்று. மனைவி சொல்வதே கேட்காத மனிதருக்கு மீன் பாடி என்ன ஆகப்போகிறது?

2

சிவானுஜாவின் அப்பா கனகசூரியம், வயது அறுபத்திரண்டு. களுவாஞ்சிக்குடியில் முப்பது வருடம் நெல்லுமில் ஓட்டியவர். தனக்குக் காது மந்தம் என்பதை அவர் ஒப்பவில்லை. உலகம்தான் வரவர வாய்க்குள்ளேயே பேசுகிறது என்பது அவர் கட்சி.

[கொஞ்சம் விஞ்ஞானம். வேண்டாதவர்கள் தாண்டலாம். சத்தம் செவிப்பறையில் மோதி, மூன்று குட்டி எலும்புகள் வழியாக, நத்தை ஓடு போன்ற ஒரு சுருளுக்குள் போகிறது. அங்கே நீருக்குள் நிற்கும் மயிர்க்கலங்கள் அசைந்து மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. மில் இரைச்சல் அவற்றைச் சாகடிக்கும். கூர்மையான சத்தங்களுக்கு உரியவை முதலில் போகும். அதனால் 'அ', 'ஆ' கேட்கும். 'க்', 'ச்' குழம்பும். அதாவது உயிர் கேட்கும், மெய் கேட்காது. இந்த வரிக்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன். மன்னிக்கவும்.]

3

ஒரு மத்தியானம், அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, மனைவி வசந்தாதேவி ஆஸ்பத்திரியால் வந்து மெல்லச் சொன்னாள்: "மாருல கட்டி ஒண்டு இரிக்காம். எடுக்கணுமாம்."

அவருக்குக் கேட்டது: மாக்கட்டுல, அதாவது சந்தையில், சட்டி.

"ஒண்டு காணாது புள்ள, ரெண்டா எடு," என்றார். இன்னும் கொஞ்சம் மீன்குழம்பு கேட்டார்.

பதில் அவ்வளவு பொருத்தமாக இருந்ததால் அவள் காதைச் சந்தேகிக்கவில்லை, மனிதரைத்தான் சந்தேகித்தாள். அவள் உள்ளத்தில் ஓர் எரிமலை—

இல்லை. குழம்பை ஊற்றினாள். அன்றிலிருந்து மூன்று கிழமை அவரோடு பேசவில்லை. கடைசியில் வீட்டுக்கு அமைதி வந்துவிட்டது என்று கனகசூரியம் சந்தோஷப்பட்டார்.

4

பின்னால் வந்த பஸ்ஸின் ஹோர்ன் கேட்காமல் அவர் றோட்டைக் கடந்ததைக் கண்ட சிவானுஜா, அவரைக் கிளினிக்குக்கு இழுத்துவந்தாள். பரிசோதித்தவள் கஜானி.

"சத்தம் கேட்டா பட்டன அமத்துங்க ஐயா."

கண்ணாடிக்கு அப்பால் அவள் கை அசையும்போதெல்லாம் அமத்தினார். நூற்றுக்கு நூறு. கஜானி அவரைச் சுவர்ப்பக்கம் திருப்பி இருத்தினாள். பெயில்.

"மயிர்க்கலம் செத்தா திரும்ப முளைக்காது ஐயா," என்று உரக்கச் சொன்னாள். "கருவி சத்தத்தக் கூட்டித்தான் தரும். பழகக் கொஞ்ச மாசம் செல்லும்."

அவர் வழுக்கையைத் தடவினார். "மேலயும் முளைக்கல்லதானே."

5

கருவி மாட்டிய முதல் நாள், மின்விசிறி இரைந்தது, செருப்பு அலறியது, அப்பளம் வெடித்தது. குசினியிலிருந்து வசந்தாதேவி மகளிடம் சொன்னதும் வந்தது:

"கட்டி எண்டு சொன்னன். உன்ட அப்பாவுக்கு ஒண்டு காணாதாம். ரெண்டா எடுக்கட்டாம்."

அவர் குசினி வாசலில் வந்து நின்றார்.

"நான் சட்டி எண்டு விளங்கிற்றன் புள்ள."

அவள் முகத்தில் வந்தது சிரிப்பா அழுகையா என்று சிவானுஜாவுக்கே பிடிபடவில்லையாம்.

"நாளைக்கு ஒப்பரேசன்," என்றாள் வசந்தாதேவி. "தங்கச்சி வாறாள் என்னோட. நீங்க வர வேணாம்."

6

முடிவு (அ): இருவரும் கட்டிப்பிடித்து— அறுபது வயதில், மகள் பார்க்க, களுவாஞ்சிக்குடிக் குசினியிலா?

முடிவு (ஆ): கட்டி ஆபத்தில்லாதது என்று ரிசல்ட் வர— எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதி அவளைக் குணமாக்க நான் யார்?

தெரிந்தது இவ்வளவுதான். அவர் முக்காலியை இழுத்துப் போட்டு, அவள் முகத்துக்கு நேரே இருந்தார். "முதல்ல இருந்து சொல்லு," என்றார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள், குரலை உயர்த்தாமல். அவர் இடையில் ஒரு 'ஓம்'கூடப் போடவில்லை. சொல்லி முடித்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

அத்தோடு, கருவியைச் சரிபார்க்க அப்பாவோடு கிளினிக்குக்கு வந்திருந்த சிவானுஜாவை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

இப்போது அவர் ஏதாவது சொல்லியாகவேண்டும். எனக்கு வந்த வசனங்களெல்லாம் வாழ்த்து அட்டையில் அச்சடிக்கிறவை. நீங்கள் சொல்லிப்பாருங்கள். யோசித்துச் சொல்லுங்கள், அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும்.