உடன் வராத கணவர்

ஹரிபாபு கனடாவுக்குப் போகப்போகிற செய்தி, கனடா அரசாங்கத்துக்குத் தெரிவதற்கு எட்டு மாதம் முன்னாலேயே பாகாலா பஸ் ஸ்டாண்டுக்குத் தெரிந்துவிட்டது. பன்னிரண்டடி பிளெக்ஸ். அதில் ஹரிபாபு கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, வாங்கப்போகிற எருமையைத் தடவிப் பார்ப்பவன் மாதிரி, ஒரு விமானத்தின் மேல் கை வைத்து நின்றான். வாழ்த்து தெலுங்கில் இருந்தது. வாழ்த்தியவர்களாகப் பதினோரு தம்பிகள் கைகூப்பியிருந்தார்கள். அவன் மனைவி யமுனாவின் படம் கீழ் மூலையில், அச்சகத்தின் போன் நம்பருக்குப் பக்கத்தில், தபால் தலை அளவில் இருந்தது.

போவதாக இருந்தது என்னவோ அவள்தான்.

யமுனா திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். பதினோரு வருஷ சர்வீஸ். ஹரிபாபு பி.காம். படித்துவிட்டு, சந்திரகிரி ரோட்டில் பிறத்தியார் பிளாட்டுகளைப் பிறத்தியாருக்குக் காட்டிக்கொண்டிருந்தான். வாங்கியவர்கள் குறைவு, பார்த்தவர்கள் எல்லாரும் இவனோடு டீ குடித்திருக்கிறார்கள். கலைவாணி என்று எட்டு வயதில் ஒரு மகள். குடித்தனம் திருப்பதியில்.

வெளிநாட்டு ஆசை முதலில் ஹரிபாபுவுக்குத்தான் வந்தது. அவன் அப்பா துலுக்காணம் எந்த வீட்டு நிலத்தில் முப்பது வருஷம் கூலிக்குக் குனிந்தாரோ, அந்த வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் அமெரிக்காவில் இருந்தார்கள். துலுக்காணத்துக்குப் பட்டா கிடைத்து மூன்று ஏக்கரில் தக்காளி போட்ட பிறகும், அந்தப் பையன்கள் லீவுக்கு வந்தால் ஊர் ஒருமாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தது. தனக்கும் ஊர் அப்படி உட்கார வேண்டும் என்று ஹரிபாபு நினைத்தான். அதற்கு வேண்டிய படிப்பு, வேலை, ஆங்கிலம் எல்லாம் யமுனாவிடம் இருந்ததால், விண்ணப்பம் போடும் சில்லறை வேலையை அவளிடம் விட்டான்.

அவள் டியூட்டி முடிந்து வந்து, சோறாக்கி, மகளைப் படிக்கவைத்து, மிச்ச நேரத்தில் ஆங்கிலத் தேர்வுக்குப் படித்தாள். நல்ல மதிப்பெண் வந்தது. "கணவரும் எழுதினா பாயிண்ட் ஏறும்" என்று கன்சல்டன்சிக்காரர் சொன்னதால் ஹரிபாபுவும் எழுதினான். கட்டுரைத் தலைப்பு, பல இனத்தார் கலந்து வாழும் நாட்டின் நன்மைகள். வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு, சண்டையில் இரண்டும் என்று வளர்ந்தவனுக்கு அதில் சொல்ல எவ்வளவோ இருந்தது; ஆங்கிலம்தான் குறுக்கே நின்றது. பேச்சுத் தேர்வில் வெள்ளைக்கார அம்மாள், வீட்டில் சமையலில் உதவுவீர்களா என்று கேட்டாள். ஹரிபாபு தயங்காமல் சொன்னான்: "மை ஒய்ஃப் ஈஸ் குக்கிங். மை மதர் ஈஸ் குக்கிங். ஐ ஆம் ஈட்டிங்."

"அந்த மூணு வாக்கியத்துலயும் கிராமர் தப்பே இல்ல சார்" என்றார் கன்சல்டன்சி கோவர்த்தனன், ரிசல்ட் தாளைப் பார்த்தபடி. "மத்த இடத்துலதான் கொஞ்சம்."

ஒன்பதுக்கு நாலு.

கோவர்த்தனன் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். அவர் ஆபீஸ் திருப்பதி பைபாஸ் ரோட்டில் ஒரு மொபைல் கடைக்கு மேல் இருந்தது. சுவரில் பனி, ஏரி, சிரிக்கிற பல நிறத்துக் குழந்தைகள்.

"மேடம் தனியா போட்டா நானூத்தி அறுபத்திரண்டு பாயிண்ட். சாரையும் சேத்துப் போட்டா நானூத்தி முப்பத்தொண்ணு. இப்ப நானூத்தி நாப்பதுக்கு மேல இருக்கறவங்களத்தான் கூப்புடறாங்க."

ஹரிபாபுவுக்குப் புரியவில்லை. "ஒரு ஆளு கூட வந்தா ஏறணும் இல்ல? எப்டி எறங்கும்?"

"அது ஆளப் பொறுத்தது சார்."

"அப்போ நான் மைனஸ் முப்பத்தொண்ணா?"

"கவர்மெண்ட் கணக்கு சார், பர்சனலா எடுத்துக்காதீங்க. ஃபாரத்துல உங்கள 'உடன் வராத கணவர்'னு காட்டிட்டா முடிஞ்சுது. மேடம் முதல்ல போயி செட்டில் ஆகி உங்கள ஸ்பான்சர் பண்ணிக் கூப்பிட்டுக்கலாம்."

யமுனா இரண்டு எண்ணையும் குறித்துக்கொண்டாள். மாடிப்படி இறங்கும்போது ஹரிபாபு, "இவன் சரியில்ல, வேற ஆளப் பாக்கலாம்" என்றான். வேற ஆள் பார்த்தார்கள். அவரும் அதே எண்ணைச் சொன்னார். கூடவே டீ கொடுத்தார்.

மறுபடி தேர்வு எழுதினான். நாலரை. இதற்குள் யமுனாவுக்கு முப்பத்து மூன்று வயது நிறையப்போகிறது என்று கோவர்த்தனன் போன் செய்தார். வயது ஒன்று ஏறினால் பாயிண்ட் ஐந்து இறங்கும். யமுனா வார்டில் டீ குடிக்கும் நேரத்தில், செல்போனில் ஃபாரத்தைத் திறந்தாள். 'கணவர் உடன் வருகிறாரா?' என்ற இடத்தில் 'இல்லை' என்று தொட்டாள். பிறகு கப்பைக் கழுவி வைத்துவிட்டு, ஏழாம் நம்பர் படுக்கைக்குச் சலைன் மாற்றப் போனாள்.

பதிமூன்றாம் நாள் அழைப்பு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை, ஊரில், மதியச் சாப்பாட்டின்போது அவள் சொன்னாள். துலுக்காணமும் மாமியார் சுந்தரம்மாவும் இருந்தார்கள்.

"கனடாவுலருந்து லெட்டர் வந்திச்சு."

ஹரிபாபு கையை உதறிக்கொண்டு எழுந்தான். "நைனா, கேட்டியா! எப்போ போறோம்?"

"நானும் பாப்பாவும் போறோம். நீ அப்பால வருவ."

சுந்தரம்மா ரசக் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பாப்பாவ இட்டுக்கினு போறதுக்கு அறுபது நாளுக்குள்ள நீ கையெழுத்துப் போடணும்" என்று யமுனா தொடர்ந்தாள், நோயாளிக்கு மாத்திரை வேளை சொல்கிற குரலில். "நீயும் மெட்ராஸ் போயி மெடிக்கல் டெஸ்ட் குடுத்துட்டு வா. இப்ப குடுக்கலன்னா பின்னால உன்னக் கூப்பிட முடியாதாம்."

"என்னக் கேக்காம நீயே பண்ணிட்டியா?"

"நீ ரெண்டு தபா பரீட்ச எழுதி முடிக்கிறவரைக்கும் கேட்டுக்கினுதான் இருந்தேன்."

ஹரிபாபு கையெழுத்துப் போடமாட்டேன் என்றான். பன்னிரண்டு நாள் ஊரிலேயே தங்கிவிட்டான். யமுனா வந்து கெஞ்சுவாள் என்று பார்த்தான். அவள் டியூட்டிக்குப் போய்க்கொண்டிருந்தாள். தினமும் ஒரு மெசேஜ் மட்டும் வந்தது: 'இன்னும் நாப்பத்தாறு நாள் கீது.' மறுநாள், 'நாப்பத்தஞ்சு.' சுந்தரம்மா அவனுக்கு மூன்று வேளையும் போட்டு, மருமகளைத் திட்டினாள். துலுக்காணம் ஒரு நாள் தக்காளிக் கூடையை இறக்கிவைத்துவிட்டு மகன் எதிரில் உட்கார்ந்தார்.

"டேய் ஹரி. அவ போவாட்டி இன்னா ஆவும்? இங்கயே நர்சா இருப்பா. நீ போவாட்டி இன்னாவா இருப்ப?"

ஹரிபாபு கூடையிலிருந்து ஒரு தக்காளியை எடுத்துத் துடைத்தான். "பிசினஸ் கீது நைனா" என்றான்.

"ஆங்" என்றார் அவர். கூடையை எடுத்துக்கொண்டு போனார்.

அப்பாவின் புத்திமதி செய்யாததை பாகாலா பஸ் ஸ்டாண்ட் செய்தது. கைகூப்பிய பதினோரு தம்பிகளில் ஒருவன், "அண்ணா, உன் கனடா கேன்சலாமே?" என்று நாலு பேர் முன்னால் கேட்டான். "எவன் சொன்னது?" என்று ஹரிபாபு கத்திய கத்தலில் நின்றிருந்த பஸ்ஸில் ஒரு குழந்தை அழுதது. மறுநாள் காலையில் அவன் நோட்டரி வாசலில் முதல் ஆளாக நின்றான். அப்படியே மெட்ராஸ் போய் நெஞ்சையும் ரத்தத்தையும் காட்டிவிட்டு வந்தான். டீக்கடையில் விளக்கமும் கொடுத்தான்: "மொதல்ல லேடீஸத்தான் அனுப்பணும். வெளிநாட்டுல அதான் ரூலு. லேடீஸ் ஃபர்ஸ்ட்."

யமுனாவும் கலைவாணியும் வின்னிபெக் போனார்கள். எல்லா நாட்டாரையும் சமமாக மதிக்கிற நாடு அது. யாருடைய பழைய படிப்பையும் கணக்கில் எடுப்பதில்லை என்பதால் யமுனாவின் பதினோரு வருஷத்தையும் பாரபட்சமில்லாமல் ஒதுக்கி வைத்தது. உள்ளூர் நர்ஸ் பரீட்சை முடிக்கும்வரை முதியோர் இல்லத்தில் உதவியாள் வேலை. கூட வேலை செய்தவர்களில் ஒருத்தி பிலிப்பைன்ஸில் பிரசவம் பார்த்தவள். ஒருவர் நைஜீரியாவில் கெமிஸ்ட்ரி வாத்தியார். மூவரும் மூன்று கண்டத்து அனுபவத்தோடு ஒரே கிழவரைப் புரட்டிப் போட்டுத் துடைத்தார்கள்.

ஆறு மாதத்தில் அவள் கணவனை அழைக்க விண்ணப்பம் போட்டாள். அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. இது உண்மையான கல்யாணம்தான் என்று இருவரும் நிரூபிக்க வேண்டும். சேர்ந்து எடுத்த படங்கள், பேசிக்கொண்ட செய்திகள்.

ஹரிபாபு செல்போனைக் கோவர்த்தனனிடம் கொடுத்தான். படங்கள் ஆயிரத்துக்கு மேல் இருந்தன: ஹரிபாபு எம்.எல்.ஏ. கூட்டத்தில், ஹரிபாபு புல்லட்டில், ஹரிபாபு ஜிம்மில். கல்யாணத்துக்குப் பிறகு யமுனா இருந்தவை நாலு. ஒன்றில் அவள் முதுகு. மெசேஜில், அவள் 'பாப்பாவுக்கு ஜுரம்' என்று எழுதிய இடத்தில் இவன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தான். மற்றதெல்லாம் பூப்போட்ட குட் மார்னிங்.

"சார், இதப் பாத்தா புருஷன் பொண்டாட்டின்னு யாரும் நம்பமாட்டாங்க" என்றார் கோவர்த்தனன். "குட் மார்னிங் அனுப்பற கம்பெனின்னு நெனைப்பாங்க. தினம் வீடியோ கால் பேசுங்க. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க."

மறுநாள் காலை ஆறரைக்கு ஹரிபாபு கூப்பிட்டான். அங்கே சாயங்காலம்.

"துன்னியா?"

"துன்னேன்."

"வேற?"

"வேற இன்னா? இன்னா திடீர்னு?"

"ப்ரூஃபுக்கு."

யமுனா சிரித்த சிரிப்பில் அங்கே கலைவாணி ஓடிவந்து எட்டிப் பார்த்தாள்.

முதல் வாரம் இரண்டு நிமிஷத்துக்கு மேல் பேச்சு ஓடவில்லை. பன்னிரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவளிடம் என்ன கேட்பதென்று தெரியாமல், எத்தனை மணிக்கு டியூட்டி, அந்த நைஜீரியாக்காரர் என்ன சாப்பிடுவார், ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவள் சொல்லிக்கொண்டிருந்த ஏழாம் நம்பர் படுக்கையில் யார் இருந்தார்கள் என்றெல்லாம் விசாரித்தான். பதில் வர வர அடுத்த கேள்வி தானாக வந்தது. ஒரு நாள் அவள் பார்த்துக்கொண்டிருந்த கிழவி இறந்துபோனாள். யமுனா பேசிக்கொண்டே அழுதாள். ஹரிபாபு நாற்பது நிமிஷம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். போனை வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது, ஸ்கிரீன்ஷாட் எடுக்கவில்லை.

நடுவில் கொரோனா வந்து ஒரு வருஷத்தைத் தின்றது. விசா வந்தபோது வழியனுப்ப அப்பாவும் அம்மாவும் மட்டும் மெட்ராஸ் வந்தார்கள். அவன்தான் வேறு யாருக்கும் சொல்லவில்லை. யமுனா போன பிறகு அவன் ஊர்ப்பக்கம் தலைகாட்டாமல் திருப்பதியிலேயே இருந்துவிட்டதால், ஊரில் எல்லாரும் அவன் எப்போதோ போய்விட்டதாகவே நினைத்திருந்தார்கள்.

வின்னிபெக்கில் அவனுக்கு ஒரு பேக்கரியில் தட்டு அடுக்கும் வேலை கிடைத்தது. முதல் உகாதிக்கு யமுனா அவனை ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்த விழாவுக்குக் கூட்டிப்போனாள். பட்டு வேஷ்டிக்கு மேல் குளிர்கோட்டு போட்ட ஒருவர் தேடி வந்து கைகுலுக்கினார். சித்தூர்க்காரர். பாகாலா பக்கம் என்றதும் கட்டிக்கொண்டார். பிறகு, கட்டிக்கொண்ட கையை முழுக்க எடுக்காமல், தெலுங்கில் மெதுவாகக் கேட்டார்: "மீ இன்டி பேரு ஏமண்டி?"

இன்டி பேரு என்றால் சொல்லுக்குச் சொல் வீட்டுப் பெயர். அதைச் சொன்னால் போதும், சாதி தானாக வந்து விழும். சித்தூரில் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் இரண்டாவது கேள்வியாகக் கேட்பது. இங்கேயும் அதற்கு இரண்டாவது இடம்தான். ஹரிபாபுவுக்கு அப்பா கூலிக்கு நின்ற வீட்டு வாசல் ஒரு கணம் கண்முன் வந்து போனது.

"வீடுங்களா?" என்று தெலுங்கிலேயே பணிவாகச் சொன்னான். "அது என் சம்சாரம் யமுனா பேர்ல இருக்குதுங்க. ரெண்டு ரூமு, வாடகை."

சித்தூர்க்காரர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கையை எடுத்துக்கொண்டார். இன்னொரு முறை வேறு மாதிரி கேட்க வாயைத் திறந்தார். அதற்குள் சாப்பாட்டு வரிசையிலிருந்து யமுனா, "இன்னாய்யா அங்க நின்னுக்கினு கீற, புளியோதர தீரப்போவுது" என்று கூப்பிட்டாள். ஹரிபாபு அவருக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு, மூன்று தட்டு எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போய் நின்றான்.